ஈயம் இறங்கும் வரை

டாக்டர் பெனாசிர் மூன்றாவதாகக் கேட்டதை வெற்றிச்செல்வி எதிர்பார்க்கவில்லை.

முதல் கேள்வி, பாப்பா எத்தனை நாளாக மண் தின்கிறாள் என்பது. இரண்டாவது, வீட்டில் பெயின்ட் உரிந்து கிடக்கிறதா என்பது. மூன்றாவதாக, "இவங்க அப்பாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"பேட்டரிக் கடைங்க மேடம். நாலு ரோட்டுப் பக்கம். லாரி, டிராக்டர் பேட்டரியெல்லாம் பாப்பாரு."

"பழைய பேட்டரிய உடைச்சு ஈயத்தக் காய்ச்சுவாரா?"

"காய்ச்சுவாருங்க. எங்க வூட்டுக் கொல்லையிலதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பெரம்பலூரில் குழந்தைகளுக்கென்று தனியாக அவர் ஆஸ்பத்திரி வைத்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. லப்பைக்குடிக்காட்டுக்காரர். வெற்றிச்செல்வியைவிட நாலைந்து வயதுதான் மூத்திருப்பார். வெற்றிச்செல்வியின் மடியில் உட்கார்ந்திருந்த பாப்பா தனத்தின் கீழ் இமையை மறுபடி இழுத்துப் பார்த்தார். வெளுத்துத்தான் இருந்தது. இரண்டு மாதம் இரும்புச் சத்து டானிக்கும் குடற்பூச்சி மருந்தும் கொடுத்தும் கொஞ்சமும் ரத்தம் ஏறவில்லை. நாலு வயதுப் பிள்ளை, நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போனாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். முன்பெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் இப்போது சுவரோரம் போய்ச் சும்மா உட்கார்ந்துவிடுகிறாள்.

"ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும். சென்னைக்கு அனுப்பணும், ரிசல்ட் வர பத்து நாள் ஆகும்" என்றார் டாக்டர்.

பத்து நாள் கழித்து வந்த தாளில் முப்பத்தெட்டு என்று இருந்தது. ரத்தத்தில் ஈயத்தின் அளவு. பத்தைத் தாண்டவே கூடாது என்றார் டாக்டர்.

2002 ஆடி மாதம் அது. வெற்றிச்செல்வி அந்தத் தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு கேட்டாள். "இத வெளிய எடுக்க மருந்து இருக்காங்க?"

"இருக்கு. நாப்பத்தஞ்சத் தாண்டுனா பெரிய ஆஸ்பத்திரியில வச்சு ஊசி போடுவாங்க. அந்த ஊசியாலயே உடம்புக்குக் கஷ்டம் வரும். இந்த அளவுக்கு அது வேணாம். உடம்பே வெளியேத்தும், ஈரலும் கிட்னியும் அந்த வேலையத்தான் பாக்குது. ஆனா புதுசா உள்ள போறத நிறுத்தணும். அது மொத வேலை. ரெண்டாவது வேலை சாப்பாடு."

"சாப்பாட்டுல என்னங்க இருக்கு?"

"நிறைய இருக்கு. ஈயம் உடம்புக்குள்ள போறப்ப சுண்ணாம்புச் சத்து மாதிரி, இரும்புச் சத்து மாதிரி வேஷம் போட்டுத்தான் போகும். பஸ்ஸுல சீட்டு காலியா இருந்தா யாரு வேணா ஏறி உக்காருவாங்கல்ல? இவ உடம்புல சீட்டெல்லாம் காலியா கெடக்கு. கால்சியமும் இரும்பும் ஏறி உக்காந்துட்டா ஈயத்துக்கு எடமில்ல, எறங்கிப் போயிடும். அதோட, வெறும் வயித்துல இருக்கப்பதான் ஈயத்த உடம்பு ரொம்ப இழுக்கும். காலையில கண்ணு முழிச்சதும் எதாவது சாப்பிட வச்சுடுங்க. ஒரு நாளைக்கு அஞ்சு வேளை, கொஞ்சம் கொஞ்சமா."

கேழ்வரகு, கீரை, முட்டை, பால், நெத்திலிக் கருவாடு, ஈரல், நெல்லிக்காய், கொய்யா என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எல்லாம் அவர்கள் ஊரான குரும்பலூரில் கிடைப்பதுதான். கீரையும் முட்டையும் விலைக்கு வாங்கக்கூட வேண்டாம், கொல்லையில் முருங்கை நிற்கிறது, ஏழு கோழி மேய்கிறது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குத் தெம்பாக இருந்தது.

வீட்டில் அவள் கணவன் அறிவரசன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"நான் பத்து வருசமா இதுலதான் கெடக்கேன். எனக்கு என்ன ஆச்சு?"

"அவளுக்கு நாலு வயசுங்க. நீங்க ஆம்பள, தாங்குறீங்க."

"கொல்லையில காய்ச்சாதன்னா நான் வேற எங்க போறது?"

"எங்க வேணா போங்க. வூட்டுல வேணாம்."

அவன் முகம் கறுத்தது. அவனுடைய அப்பா, அவருடைய அப்பா எல்லாரும் அடுத்தவர் வயலில் நின்றவர்கள். அறிவரசன் பதினாறு வயதில் நாமக்கல் போய், லாரிப் பட்டறையில் ஆறு வருஷம் ஆசிட் வாடையில் கிடந்து தொழில் கற்றுக்கொண்டு வந்தவன். உடைந்த பேட்டரியின் தகடுகளை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கி, கசடைத் தள்ளி, ஈயத்தை அச்சில் வார்ப்பதை அந்தப் பக்கத்தில் அவனைப் போல் செய்ய ஆளில்லை. கல்லும் காரையுமாகக் கட்டிய அந்த வீடே ஈயத்தில் வந்ததுதான்.

"இந்த ஈயம் இல்லன்னா இன்னிக்கும் நாம எவன் வாசல்லயோ கூலிக்கு நின்னுக்கிட்டிருப்போம்" என்றான்.

"தெரியும். அதுக்காகப் பிள்ளையக் குடுக்க முடியாது."

மூன்றாம் நாள் சட்டியையும் அச்சுகளையும் வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே ஓடையோரப் புறம்போக்கில் கொண்டுபோய் வைத்து, அங்கே காய்ச்ச ஆரம்பித்தான். கடைச் சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று அவள் சொன்னதற்கும் தலையாட்டினான். அவனுடைய துணியைத் தனி வாளியில் துவைத்தாள். தனத்தின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் காய்ந்து போயிற்று.

ஆனால் அவனுக்கு மனது ஆறவில்லை. சந்தையில் ராசாங்கம் என்று ஒருவர் மருந்துப் பொட்டலம் விற்பார். உடம்பில் தங்கிய விஷம் எதுவானாலும் மூன்றே நாளில் கழுவி இறக்கிவிடும் என்று மைக்கில் சொல்லுவார். அறிவரசன் அதில் மூன்று பொட்டலம் வாங்கி வந்தான்.

"டாக்டரம்மா மாசக்கணக்குல சொல்றாங்க. இது மூணு நாள். ஒரு தடவ குடுத்துப் பாரு."

வெற்றிச்செல்விக்கும் ஆசை வந்தது. மூன்று நாளில் முடிந்துபோகும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. மறுநாள் காலை வெந்நீரில் கலந்து கொடுத்தாள். பத்து மணிக்கு ஆரம்பித்தது. மத்தியானத்துக்குள் ஒன்பது தடவை போயிற்று. கடைசியில் வெறும் தண்ணீராய்ப் போனது. பிள்ளையின் கண் உள்ளே இறங்கிவிட்டது. கூப்பிட்டால் தலை திரும்பவில்லை. துண்டில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய்த் துறையூரிலிருந்து வந்த பஸ்ஸை நடுரோட்டில் மறித்து ஏறினாள். பெரம்பலூரில் டிரிப் ஏற்றிய பிறகுதான் தனம் "அம்மா" என்றாள்.

டாக்டர் பெனாசிர் சத்தம் போடவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வயித்தக் கழுவுனா வயித்துல இருக்கறதுதான் போகும். ஈயம் வயித்துல இல்ல, ரத்தத்துலயும் எலும்புலயும் போய் உக்காந்திருக்கு. இன்னிக்கு வெளிய போனது அவ உடம்புல இருந்த தண்ணியும் உப்பும் சத்தும். எந்த உடம்பு வேலை செய்யணுமோ அதையே படுக்க வச்சுட்டீங்க."

"இனிமே செய்ய மாட்டேங்க."

"குறுக்கு வழி இருந்தா நானே சொல்லியிருப்பேம்மா. நீளமான வேலை இது. முடியுமா உங்களால?"

"முடியும்" என்றாள் வெற்றிச்செல்வி. மீதி இரண்டு பொட்டலத்தையும் வீட்டுக்குப் போனதும் கக்கூசில் கொட்டினாள்.

அதன் பிறகு அவளுடைய நாள் முழுக்க அடுப்படியில் போயிற்று. விடிந்ததும் கேழ்வரகுக் கூழ், பால் ஊற்றி. ஒன்பது மணிக்கு ஒரு அவித்த முட்டை. மத்தியானம் பருப்புச் சோற்றில் முருங்கைக்கீரை. சாயங்காலம் எள்ளுருண்டை. நெத்திலியை வறுத்துத் தலையோடு பொடித்து ரசச் சோற்றில் தெரியாமல் கலப்பாள். நெல்லிக்காயை இடித்துச் சாறு பிழிந்து வெல்லம் போட்டுக் கொடுப்பாள். பட்டியலாகச் சொல்ல எளிதாகத்தான் இருக்கிறது. தனம் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் துப்புவாள். துப்பினால் வெற்றிச்செல்வி துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அடிக்கக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு கட்டு வைத்துக்கொண்டாள். இரண்டு தடவை அது முறிந்தது. இரண்டு தடவையும் பிள்ளையோடு சேர்ந்து தானும் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு உருண்டையை மறுபடி உருட்டினாள்.

ஒரு நாள் சோற்று உருண்டையைக் காட்டி, டாக்டர் சொன்ன பஸ் கதையைத் தனத்துக்கே சொல்லிப் பார்த்தாள். "இந்த வாய்தான் கண்டக்டரு. ஏறட்டும். இது துறையூர் போற ஆயா, சீட்டு குடு." தனம் கொஞ்சம் யோசித்துவிட்டு வாயைத் திறந்தாள். "அடுத்தது யாரு?" என்று கேட்டாள். பல வாரம் கழித்து அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அன்றைக்கு எட்டுப் பேர் ஏறினார்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வெற்றிச்செல்வி ரிசல்ட்டுக்காக நம்பிக்கையோடு போனாள். பிள்ளையின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. வெளிக்குப் போவதும் சீராகியிருந்தது.

நாற்பத்து மூன்று.

டாக்டர் தாளை இரண்டு தடவை படித்தார். "கொறஞ்சிருக்கணும். இரும்பு ஏறியிருக்கு, ரத்தமும் ஏறியிருக்கு. ஆனா ஈயம் எங்கயிருந்தோ போய்க்கிட்டே இருக்கு. இன்னும் ரெண்டு ஏறுனா சென்னைக்குத்தான் அனுப்பணும்."

"கொல்லையில சட்டி கூட இல்லீங்களே. மண்ணுப் பக்கமே நான் விடறதில்ல."

"நல்லா யோசிங்க. நாம பாக்காத வழி எதோ ஒண்ணு இருக்கு."

வழி நெடுக யோசித்தாள். தண்ணீரா? குழாய்த் தண்ணீர்தான், ஊரே குடிக்கிறது. பாத்திரமா? எவர்சில்வர். ஒன்றும் பிடிபடவில்லை. அறிவரசன், "நான் அன்னிக்கே சொன்னேன், ஈயத்த மாத்திரம் கொற சொல்லிக்கிட்டு" என்று ஆரம்பித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழியை அடித்தாள். ஈரல் தனத்துக்கு நல்லது என்று டாக்டர் எழுதியிருந்தார். கொல்லைக் கல்லில் வைத்து வகிர்ந்தாள். ஈரலைத் தனியாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு இரைப்பையைக் கத்தியால் கீறி விரித்தாள். கோழிக்குப் பல் இல்லாததால் தின்ற தவசத்தை அரைக்கப் பொடிக்கல்லைப் பொறுக்கி அந்தப் பைக்குள் வைத்திருக்கும். அன்றும் மணலும் கல்லும் இருந்தன. அவற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பளபளவென்று ஆறேழு மணிகள்.

ஒன்றை எடுத்துக் கழுவி நகத்தால் கீறினாள். கோடு விழுந்தது. கல்லில் நகம் பதியாது.

வெற்றிச்செல்வி கத்தியைக் கீழே வைத்தாள். சட்டி போய்விட்டது, ஆனால் பத்து வருஷமாகத் தெறித்த ஈயத் துளியும் கசடும் சாம்பலும் அதே மண்ணில்தான் கிடக்கின்றன. கோழி அதையே கிளறிக் கொத்துகிறது. அந்தக் கோழியின் முட்டையைத்தான் மூன்று மாதமாக நாள் தவறாமல், தோலுரித்து, உப்புத் தொட்டு, கதை சொல்லி ஊட்டியிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தாள். முருங்கை மரம் பழைய அடுப்புக் குழிக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. அதன் கீரை. வாரத்துக்கு நாலு நாள்.

எழுந்து ஈரலையும் கறியையும் குழி தோண்டிப் புதைத்தாள். மிச்சமிருந்த ஆறு கோழியையும் பிடித்து அறுத்து அதே குழியில் போட்டாள்.

பக்கத்து வீட்டு மருதாயி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, புத்தி கித்தி பெரண்டு போச்சா? வேணாம்னா எனக்குக் குடுத்தா நான் தின்னுட்டுப் போறேன்."

"தின்னக் கூடாதுக்கா. உங்க வூட்டுப் புள்ளைங்களுக்கும் இது ஆகாது."

அரிவாளை எடுத்து முருங்கையை வெட்டிக்கொண்டிருந்தபோது அறிவரசன் கடையிலிருந்து வந்தான். அந்த மணிகளை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவனுக்கு நகத்தால் கீறிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கனத்திலேயே தெரிந்துவிட்டது.

மறுநாள் டாக்டரிடம் போய்ச் சொன்னாள். பெனாசிர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "முட்டை எங்க வாங்குறீங்கன்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. என் தப்பு."

"எனக்கும்தான் தோணல மேடம். இப்பத் தெரிஞ்சிடுச்சுல்ல."

அந்த வாரத்துக்குள் பெரம்பலூரை ஒட்டிய துறைமங்கலத்தில் சிமெண்ட் தரை போட்ட ஒரு அறை பார்த்து, தனத்தைக் கூட்டிக்கொண்டு குடிபோனாள். மாற்றுத் துணியும் புதுப் பாத்திரமும் மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"சொந்த வூட்ட வுட்டுட்டு வாடக வூடா?" என்று அறிவரசன் வாசலில் நின்று கேட்டான்.

"வூடு நல்ல வூடுதாங்க. மண்ணுதான் கெட்டுப் போச்சு. நீங்களும் வாங்க. கடையிலயே குளிச்சு, வேற சட்ட போட்டுக்கிட்டு வாங்க."

அவன் வரவில்லை. சாயங்காலத்தில் குளித்துவிட்டு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவான். மூன்றாவது வாரம் தனம் ஓடிவந்து தூக்கச் சொன்னாள். குனிந்து தூக்கினான். வலது மணிக்கட்டு மடங்கித் தொங்கிப் பிள்ளை நழுவினாள். இடது கையால் பிடித்துக்கொண்டான். வெற்றிச்செல்வி பார்த்துவிட்டாள்.

"எத்தன நாளா?"

"ஆறேழு மாசமா. ஸ்பேனர் நழுவுது. குளிருன்னு நெனச்சேன்."

"பெரம்பலூருல ஏதுங்க குளிரு? நாளைக்கு ரத்தம் குடுத்துட்டு வரோம்."

அவனுக்கு அறுபத்து நாலு வந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அறையின் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தான். தனம் கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே அவன் முதுகில் சாய்ந்திருந்தாள்.

"இவளுக்கு நாந்தான் கொண்டாந்து குடுத்திருக்கேன்" என்றான்.

"நீங்க சட்டையில கொண்டாந்து குடுத்தீங்க. நான் முட்டையில வச்சு ஊட்டுனேன். ரெண்டு பேரும்தான். இப்ப ரெண்டு பேரும் நிறுத்துவோம்."

"இது இல்லாம எனக்கு வேற தெரியாது, செல்வி."

"பேட்டரி விக்கலாம், சார்ஜ் போடலாம். உடைக்கறதும் காய்ச்சறதும்தான் வேணாம்."

திருச்சியில் ஒரு வாரம் படுக்க வைத்து அவனுக்கு ஊசி போட்டார்கள். சாப்பாட்டால் மட்டும் தீராத அளவு அது என்று டாக்டரே சொல்லி அனுப்பினார். திரும்பி வந்தபிறகு அவனும் துறைமங்கலத்து அறைக்கே வந்துவிட்டான். பழைய பேட்டரியை உடைக்காமல் முழுசாகவே கம்பெனி ஏஜெண்டிடம் கொடுக்க ஆரம்பித்தான். உருக்குகிறவன் என்றிருந்த பெயர் போனதில் அவனுக்கு வருத்தம் இருந்தது. சில நாள் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பான். வெற்றிச்செல்வி அவன் தட்டிலும் நெத்திலிப் பொடியைத் தூவிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். அவன் சாப்பிட்ட பிறகுதான் எழுவாள். குரும்பலூர்க் கொல்லையில் ஒரு முழத்துக்கு மண்ணை வெட்டி ஒரு மூலையில் ஆழமாகப் புதைத்து, மேலே கான்கிரீட் போட்டார்கள். பிறகும் அவள் அங்கே திரும்பிப் போகச் சம்மதிக்கவில்லை.

ஆறு மாதத்தில் தனத்துக்கு இருபத்தெட்டானது. அடுத்த வருஷம் பத்தொன்பது. ஊசி போடாமலேயே இறங்கியது. கடை முட்டை, சந்தைக் கீரை, அதே கூழ், அதே எள்ளுருண்டை. அளவு ஒரு மாதம் இறங்காமல் நின்றது, ஒரு மாதம் அரைப் புள்ளி ஏறக்கூடச் செய்தது. வெற்றிச்செல்வி தாளை மடித்து வைத்துவிட்டு அடுத்த வேளைக்கு உலை வைத்தாள்.

2005-இல் பன்னிரண்டு. தனம் இரண்டாம் வகுப்பு போனாள். கணக்கு மெதுவாகத்தான் வந்தது. வாய்ப்பாடு ஏழுக்கு மேல் நிற்கவில்லை. ஈயம் போன இடத்தில் எது திரும்பும், எது திரும்பாது என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆனால் வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்று டீச்சர் எழுதி அனுப்பிய குறிப்பை வெற்றிச்செல்வி இரண்டு தடவை படித்தாள். அறிவரசனின் மணிக்கட்டு முக்கால்வாசி நிமிர்ந்தது. மீதி நிமிரவில்லை.

அந்த வருஷம்தான், ரஞ்சன்குடிப் பக்கம் அம்மாக்கண்ணு என்ற ஒருத்தியின் வீட்டுக்காரர் புதிதாகக் கொல்லையில் பேட்டரி உடைத்துக் காய்ச்சுவதாக அறிவரசன் வந்து சொன்னான். மூன்று சின்னப் பிள்ளைகளாம். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

மறுநாளே பஸ் ஏறினாள். அம்மாக்கண்ணு அவளை உட்காரச் சொல்லவில்லை. "எங்க பொழப்பக் கெடுக்க வந்தியா?" என்று கேட்டாள். அடுத்த வாரம் போனபோது தண்ணீர் கொடுத்தாள், பேசவில்லை. மூன்றாவது தடவை, கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெற்றிச்செல்வி சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிள்ளையின் கீழ் இமையைத் தானே இழுத்துப் பார்த்தாள்.

"எனக்குப் புரியுதுக்கா. அவரு ஒத்துக்க மாட்டாரு."

"எத்தன மணிக்கு வருவாரு?"

"ஆறு ஆவும்."

மணி நாலுதான் ஆகியிருந்தது. வெற்றிச்செல்வி பையைத் தரையில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"இருந்து பேசிட்டுப் போறேன்" என்றாள்.